விடுபட்ட ஆறாவது கேள்வி

ஜூலை 1, திங்கள்

புது நோட்டு. பெனசீர் மேடம் எல்லோரையும் ஒன்று வாங்கச் சொன்னார். "வீடு வீடாப் போறப்ப பார்த்தது, மனசுல பட்டது எல்லாத்தையும் அன்னன்னிக்கே எழுதிடுங்க. எனக்குக் காட்ட வேண்டாம். உங்களுக்குத்தான்" என்றார். சின்னப் பெண், முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். மக்களிடம் இருக்கும் சூதாட்டப் பழக்கத்தைப் பற்றிய கணக்கெடுப்பு இது. களப்பணிக்கு நாங்கள் எட்டுப் பேர். எனக்கு மதுக்கரைப் பக்கம் ஐந்து தெரு. போத்தனூரிலிருந்து ஒரே பஸ். நாற்பத்தேழு வயதில் எனக்கு இதுதான் முதல் வேலை.

காலையில் பயிற்சி. சூதாடி என்றால் எல்லோரும் ஒரே ரகம் இல்லையாம். மேடம் பலகையில் மூன்று வட்டம் போட்டார். கூட்டாளிகளோடு பழகிப் பழகி மாட்டிக்கொண்டவர்கள் ஒரு ரகம். மனதில் இருக்கும் கனத்தை மறப்பதற்காக ஆடுகிறவர்கள் இன்னொரு ரகம். எதிலுமே நிதானம் இல்லாமல், நினைத்த மாத்திரத்தில் குதிக்கிறவர்கள் மூன்றாவது. இவர்களைத் தவிர, எப்போதாவது ஆடிவிட்டு எழுந்து போய்விடுகிறவர்கள்தான் ஊரில் அதிகம். யார் எந்த ரகம் என்று நாங்கள் முடிவு செய்யக்கூடாது. ஒன்பது கேள்வி கேட்டு, பதிலை டேப்லெட்டில் தட்ட வேண்டும். அவ்வளவுதான். "புத்தி சொல்லாதீங்க. திருத்தப் பார்க்காதீங்க. வீட்டுக்காரங்க சண்டைக்குள்ள போகாதீங்க" என்று மூன்று தடவை சொன்னார்.

பழகிக்கொள்ள இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டோம். என்னைக் கேட்டவள் ரெஜினா. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றேன்.

"சீட்டுக்கட்டக்கூடத் தொட்டதில்லையாக்கா?"

"போன்ல ரம்மி எப்பவாவது. எல்லாரும் ஆடுறதுதானே."

"அதையும் போடணும்க்கா."

"அது பொழுதுபோக்கு" என்றேன். 'இல்லை' என்றே போட்டாள். எப்படியும் பயிற்சிக் கணக்கை அழித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். கையால்தான். வாஷிங் மெஷின் மே மாதமே படுத்துவிட்டது. புதிது வாங்கச் சொல்லி ஓசூரிலிருந்து மகள் சுகன்யா பணம் அனுப்பியிருக்கிறாள். ஆடித் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

பதினாலு வீடு. ஆறு பூட்டியிருந்தது. மூன்று வீட்டில் ரேஷன் கார்டு விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து ஆதாரை எடுத்து வந்தார்கள். ஒரு வீட்டில் நாய்.

ஜூலை 4, வியாழன்

ஆட்டோ ஓட்டும் தங்கவேலு. நாற்பது வயது. ஸ்டாண்டுக்குப் பின்னால், சவாரி இல்லாத நேரத்தில் சீட்டாட்டம். பதினெட்டு வயதில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்தவராம்.

"இழந்ததைப் பிடிக்கணும்னு மறுநாளே திரும்பப் போறதுண்டா?" இது மூன்றாவது கேள்வி.

"மறுநாள் வரைக்கும் யாருங்க பொறுக்கறது?" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணுங்க, ஐயப்பனுக்கு மாலை போட்டேன்னா நாப்பத்தெட்டு நாளும் சீட்டு இருக்கற பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன். கை நடுங்காது, ஒண்ணும் ஆகாது. கழட்டுன அன்னிக்கே போய் உக்காந்துக்குவேன்."

"அந்த நாப்பத்தெட்டு நாள் எப்படி முடியுது?"

"மாலை போட்டவன யாரும் ஆட்டத்துக்குக் கூப்புட மாட்டாங்களேங்க."

முதல் ரகம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். குறிக்கக்கூடாது என்று மேடம் சொன்னது பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூலை 5, வெள்ளி

கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் தங்கியிருக்கும் வாடகை வீடு. அதில் தீபன் என்ற பையன் கிரிக்கெட்டில் பந்தயம் கட்டுகிறான். எந்த நாட்டு ஆட்டம் என்றுகூடப் பார்ப்பதில்லை. நான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்று தடவை எழுந்து போய் வந்தான். இந்த வருடம் இரண்டு முறை பைக்கிலிருந்து விழுந்திருக்கிறான். கல்லூரியில் ஒரு முறை இடைநீக்கம். கூட இருந்த பையன் சொன்னான்: "இவன் பஸ் வருமா வராதான்னுகூட பெட் கட்டுவான் ஆன்ட்டி."

இவன் மூன்றாவது ரகம். சந்தேகமே இல்லை. மற்றவர்களைப் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

வரும் வழியில் கத்தரிக்காய், அரைக் கிலோ வெங்காயம். போனில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது. இரண்டு மணி நேரம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்ததில் தீர்ந்திருக்கும்.

ஜூலை 8, திங்கள்

இன்று பார்த்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

ஆறுச்சாமி, வயது அறுபத்தொன்று. சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தெய்வாத்தாள் வீட்டில் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறார். வாசல் அறை முழுக்க கிரைண்டர் சத்தம். கேள்வி கேட்பதற்காக அதை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் அந்த அம்மா உள்ளே போகவில்லை. கையில் மாவோடு நிலைப்படியிலேயே நின்றார். தனியாகத்தான் கேட்க வேண்டும் என்றேன். "அவ இருக்கட்டுமுங்க. அவளுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல" என்றார் ஆறுச்சாமி.

அவருடையது லாட்டரி. தினமும் பஸ் ஏறி வாளையாறு போய், மாநில எல்லை தாண்டி சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார். குடியில்லை. பீடி இல்லை. மரியாதையான பேச்சு. பதினொரு வருடத்துக் குலுக்கல் முடிவுகளை, கடைசி நான்கு எண்ணை மட்டும், கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். இரண்டு கெட்டியான நோட்டு. ஒரு எண் போனால் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது.

"அதிர்ஷ்டம்னு சொல்றவன் சோம்பேறிங்க. எல்லாம் ஒரு சுத்துல வருதுங்க. நமக்குத்தான் அந்தச் சுத்து இன்னும் முழுசாப் புடிபடல."

"பதினோரு வருசமாவா?" என்று தெய்வாத்தாள் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எத்தனை மணி என்று கேட்பது போலக் கேட்டார்.

ஒன்பது கேள்விக்கும் அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார். ஆறாவது கேள்வி, இதற்காக வீட்டில் பொய் சொன்னதுண்டா என்பது. மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தினமும்" என்றார். மதிப்பெண் இருபத்தேழுக்கு இருபத்திரண்டு. எட்டைத் தொட்டாலே சிக்கல் என்று அர்த்தம்.

கிளம்பும்போது தெய்வாத்தாள் கேட்டார்: "அம்மிணி, இது வியாதிங்களா?"

"நான் கேள்வி கேக்க மட்டும்தாங்க வந்திருக்கேன்."

"வியாதின்னா பரவால்லீங்க. வியாதின்னா யாரையும் திட்ட வேண்டியதில்ல பாருங்க."

ஆறுச்சாமி செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தார். நாளைக்குப் பரிசு எண் ஏழில் முடியும் என்றார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

ஜூலை 9, செவ்வாய்

ஏழில்தான் முடிந்திருக்கிறது. சும்மா பார்த்தேன்.

ஜூலை 11, வியாழன்

இன்று விடுப்பு. துணி, பாத்ரூம், பரண்.

இவர் காலையில் கேட்டார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் திருமூர்த்தி. பம்ப்செட் கம்பெனியில் லேத் பிரிவில் சூப்பர்வைசர். "மெஷின் கடைல போய்ப் பார்த்தியா?"

"ஆடி பொறக்கட்டுமுங்க. அப்ப வெலை கொறையும்."

"கை தோலெல்லாம் உரியுதே உனக்கு."

"சோப்பை மாத்தணும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எப்போதுமே அப்படித்தான்.

என் மாமியார் ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். பக்கவாதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மத்தியானம் என்று ஒரு பொழுது இருப்பதே அந்த ஆறு வருடம் எனக்குத் தெரியாது. போன வருடம் அவர் போன பிறகு, ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை வீட்டில் ஒன்றுமே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு. மறுபடி பார்த்தாலும் இரண்டு. இப்போது அந்த நேரத்துக்குக் கொஞ்சம் போன். நான் யாரோடும் கூட்டுச் சேர்ந்து ஆடுவதில்லை. நிதானம் இல்லாதவளும் இல்லை. மறக்க வேண்டிய அளவுக்கு எனக்கு ஒரு துக்கமும் இல்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 13, சனி

பல்கலைக்கழகத்தில் கூட்டம். என்னுடைய பதிவுகள் சுத்தமாக இருக்கின்றன என்று மேடம் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது ரகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மேடம் சொன்னார்: "இவங்களைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். சத்தமே வராது. பெண்கள் நிறைய. வீட்டு வேலை எல்லாம் ஒழுங்கா நடக்கும். வீட்ல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது."

"வீட்டு வேலை எல்லாம் ஒழுங்கா நடந்தா, அப்புறம் அதுல என்ன தப்பு மேடம்?" என்று கேட்டேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல கேள்விங்க இந்திராணி" என்றுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தேங்காய்ப்பால் காய்ச்சி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆறுச்சாமி வீட்டில் ஒரு கேள்வி விடுபட்டுப் போயிருந்தது. ஆறாவது. அதற்காக மறுபடி போனேன்.

தெய்வாத்தாள் என்னைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து மனுசன் வாளையாறு பக்கம் போகவே இல்லீங்க. ஒம்பது நாளாச்சு. அந்த நோட்டு ரெண்டையும் அவரே கொண்டாந்து என்ற கையில குடுத்தாரு. வெந்நி அடுப்புல போட்டேன். பதினோரு வருசத்து நோட்டு, நாலு நிமிசங்கூட எரியல." சொல்லிவிட்டுச் சிரித்தார். "யாரோ படிச்சவங்க, காலேஜ்ல இருந்து வீடு தேடி வந்து ஒக்காந்து கேட்டாங்களே, அப்படின்னா இது பெருசுதான் போலன்னு தோணிருச்சாமா அவருக்கு."

ஆறுச்சாமி சைக்கிளில் மாவு பாக்கெட் போட்டுவிட்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது. காபி கொடுத்தார்கள். கேள்வியைக் கேட்டேன். அதே பதிலைச் சொன்னார். "ஆனா இந்த ஒம்பது நாளா இல்லீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். அவரிடம் ஒன்று கேட்டேன். முடியாது என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். மறுபடி கேட்டேன். சரி என்றார்.

பஸ்ஸில் டேப்பைத் திறந்து பார்த்தால் ஆறாவது கேள்விக்குப் பதில் எட்டாம் தேதியே பதிவாகி இருக்கிறது. நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

தலைவலி. வேலைக்குப் போகவில்லை. மூன்று மணிக்கு மேல் முடிவு வந்தது. இல்லை.

ஜூலை 19, வெள்ளி

ஆறுச்சாமி போனை எடுக்கவில்லை.

ஜூலை 20, சனி

எட்டு வீடு. எல்லாம் 'இல்லை, இல்லை' வீடுகள். இவர் தள்ளுபடி விளம்பரத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார். மூன்று மெஷினுக்கு வட்டம் போட்டிருந்தார், எது வேண்டும் என்று என்னைத் தேர்வு செய்யச் சொல்லி. ரசத்தில் உப்பு அதிகமாகிவிட்டது.

ஆறுச்சாமியின் போன் சுவிட்ச் ஆஃப்.

ஜூலை 21, ஞாயிறு

பதினோரு மணிக்குத் தெய்வாத்தாள் அழைத்தார். நான் கொடுத்துவிட்டு வந்த தகவல் தாளில் என் எண் இருந்திருக்கிறது.

"அம்மிணி, அவரு வெள்ளிக்கெழம காலைல மாவு போடப் போனவருங்க. இன்னும் வரல. பாக்கெட் வித்த காசும் அவருகிட்டத்தான் இருக்குது. சைக்கிளு மட்டும் ஸ்டேண்டுல நிக்குது. போலீசுல எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. உங்ககிட்ட ஏதாச்சும் பேசினாருங்களா? உங்க மேல அவருக்கு மரியாதைங்க."

"இல்லீங்க" என்றேன்.

"அன்னைக்கு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாரே, அப்ப ஏதாச்சும்..."

"ஒண்ணும் பேசலீங்க."

போனை வைத்த பிறகு இவர் கேட்டார், யார் என்று. சர்வே விஷயம் என்றேன். காலையில் சமைத்ததையே மத்தியானமும் சாப்பிட்டோம்.

ஜூலை 22, திங்கள்

நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது. மேடம்கூடப் பார்க்கப் போவதில்லை.

சுகன்யா அனுப்பிய பணத்தில் ஆறாயிரம்தான் மிச்சம் இருந்தது. மீதி எல்லாம் ஜூன் மாதத்து மத்தியானங்களில் போனிலேயே போய்விட்டது. ஒரு பெரிய சீட்டு விழுந்தால் மெஷினை வாங்கிவிடலாம், அதோடு ஆட்டத்தையும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பதினேழாம் தேதி பஸ் ஸ்டாப்பில் அந்த ஆறாயிரத்தை ஆறுச்சாமியிடம் கொடுத்தேன். "நோட்டுத்தானே எரிஞ்சிருக்கு, கணக்கு உங்க தலைக்குள்ள இருக்குதுல்ல. எனக்காக ஒரே ஒரு தடவை" என்று கேட்டேன். வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று இரண்டு தடவை சொன்னார். நான் விடவில்லை. அழுதேன். ஒன்பது நாள் போகாமல் இருந்த மனிதரைப் போக வைத்தது நான்.

இன்று காலை வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பாலக்காடு பஸ்ஸில் ஏறி வாளையாறில் இறங்கினேன். ரோட்டின் இரு பக்கமும் லாட்டரிக் கடைகள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கடையாக, மாவு விற்கிற பெரியவர், ஒல்லியாக இருப்பார், நீலச் சட்டை என்று கேட்டுக்கொண்டே போனேன். நாலாவது கடைக்காரர் தலையை ஆட்டினார். "கணக்குச் சாமியா? அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல பாருங்க."

மூடிக்கிடந்த ஒரு கடையின் கூரைக்கடியில் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடி. சட்டை அழுக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், நான் ஏதோ அதிகாரி என்பது போல.

"வியாழக்கெழம உங்க காசு மொத்தமும் போயிருச்சுங்க" என்றார். "பொம்பள புள்ள அழுது குடுத்த காசாச்சேன்னு, அதப் புடிச்சுக் குடுத்துறலாம்னு மாவுக் காச எடுத்துட்டு வந்தேனுங்க. அதுவும் போச்சு. எந்த மூஞ்சிய வெச்சுட்டு வீட்டுக்குப் போறது?"

"காசை விடுங்க. வாங்க."

"நீங்க திட்டுவீங்கன்னு நெனச்சேனுங்க."

"நான் யாருங்க உங்களைத் திட்டறதுக்கு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளில் அப்போதுதான் முதல் தடவையாக என்னை முழுதாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "உங்களுக்கும் இருக்குதுங்களா?" என்றார்.

இரண்டு இட்லியும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸுக்காக நின்ற இடத்துக்கு எதிரிலேயே ஒரு கடை. கயிற்றில் வரிசையாகச் சீட்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் ஆடின. கடைசி எண்களைப் படித்துக்கொண்டே போனேன். நாலு, ஒன்பது, ஏழு. என் கை பர்ஸுக்குள் போயிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார். எனக்கும் கடைக்கும் நடுவில் வந்து, கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பஸ்ஸு வந்துருமுங்க" என்றார். "ரோட்டையே பாருங்க."

பஸ் வர இருபது நிமிடம் ஆனது. அதுவரைக்கும் அவர் நகரவில்லை.

வீட்டு வாசலில் தெய்வாத்தாள் அவரைப் பார்த்ததும் துண்டு எடுத்து வந்து ஈரத் தலையைத் துவட்டிவிட்டார். பிறகுதான் அழுதார். "எங்க இருந்தீங்க? யாரு உங்களக் கூட்டிட்டுப் போனா?"

"நானாத்தான் போனேன்" என்றார் ஆறுச்சாமி.

தெய்வாத்தாள் என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்ததற்காக. நான் நின்று அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

காலையிலேயே போனேன். ஆறுச்சாமி தூங்கிக்கொண்டிருந்தார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆறாயிரம், பஸ் ஸ்டாப், விடுபடாத கேள்வி, ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்ன பொய்.

தெய்வாத்தாள் மாவிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"காலேஜ்ல இருந்து வந்தீங்க. கார்டு போட்டிருந்தீங்க கழுத்துல" என்றார். "எங்க வீட்டுக்கு நல்லது வந்திருக்குதுன்னு பக்கத்து வீட்டுல எல்லாம் சொன்னேனுங்க. ஒம்பது நாள். பதினோரு வருசத்துல ஒம்பது நாள்."

மன்னிப்புக் கேட்டேன்.

"எந்திரிச்சுப் போயிருங்க அம்மிணி. எனக்கு இப்ப வாய்ல என்ன வரும்னு தெரியல."

போனேன். நான் தெருமுனையைத் தாண்டும் வரை கிரைண்டர் சத்தம் கேட்கவில்லை.

ஜூலை 24, புதன்

பெனசீர் மேடமிடம் டேப்பையும் அடையாள அட்டையையும் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஆறுச்சாமியின் பதிவை நீக்க வேண்டும், நான் போன மற்ற வீடுகளுக்கெல்லாம் வேறு ஆள் மறுபடி போக வேண்டும் என்றார். மூன்றரை வாரத்தில் நான் செய்தது எல்லாம் வீண்.

"பலகைல மூணு வட்டம் போட்டீங்களே மேடம்" என்றேன். "நான் எதுலயும் இல்லைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அந்த வட்டமெல்லாம் எங்க வசதிக்குப் போட்டதுங்க" என்றார். ஒரு தாளில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவைப் பற்றி எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை இதற்கென்றே ஒரு டாக்டர் பார்க்கிறாராம். "ஆறுச்சாமி வீட்டுக்கும் இதைச் சொல்லிடறேன். வேலைக்காகச் சொல்லலை. போங்க."

சாயங்காலம் இவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நாளா?"

"அத்தை போனதுல இருந்து."

"எங்கம்மாவப் பார்த்துக்கிட்ட ஆறு வருசமும் நீ ஒரு நாள்கூட உக்காந்து நான் பார்க்கல" என்றார். "அதனால நீ மத்தியானத்துல என்ன பண்றேன்னு கேக்கற தைரியம் எனக்கு வரல. ஏதோ சரியில்லன்னு தெரியும். கேட்டிருக்கணும்." எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "சுகன்யாகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது." வெளியே போனார்.

சுகன்யாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 26, வெள்ளி

நேற்று ஆட்டத்தைப் போனிலிருந்து நீக்கினேன். இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி ஏற்றினேன். பணம் போடவில்லை. போடக் கையில் பணம் இல்லை. மூன்று மணிக்கு நீக்கினேன்.

இவர் பேசுவதில்லை. காலையில் எழுந்து போய்ப் பார்த்தால், துவைக்கிற கல்லில் அவருடைய சட்டையையும் என்னுடைய புடவைகளையும் துவைத்துக்கொண்டிருந்தார். காலர் தேய்க்கத் தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

சுகன்யா கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தெய்வாத்தாள் போன் செய்தார்.

"நாளைக்கு அவரப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க. உங்க மேடம் சொன்னாங்களே, அந்த டாக்டருகிட்ட. காலைல எட்டு மணிக்கு வந்துருங்க."

"நானுங்களா?"

"பின்ன?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டுவதற்குக் கூப்பிடுகிறாரா, துணைக்குக் கூப்பிடுகிறாரா என்று தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். நாளைக்குப் பாதி நாள் லீவு சொல்லவா என்று கேட்டார். பதினோரு நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நானே போய்க்கொள்கிறேன், பஸ் ஸ்டாப் வரை மட்டும் வண்டியில் விடுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மருத்துவமனையில் நல்ல கூட்டம். ஆறுச்சாமி சலவைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். வரிசையில் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் தெய்வாத்தாள் நின்றார். ஒரு மணி நேரம் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: பெரியவருக்குத் துணையாக வந்திருக்கிறேன். சர்வேயில் பழக்கம். அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படியே சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடலாம்.

எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் நிமிராமலே கேட்டார்: "மூணு பேரா? பேஷன்ட் யாரு, கூட வந்தது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தெய்வாத்தாள் கம்பிக்குள் கையை நீட்டிவிட்டார்.

"ரெண்டு சீட்டுப் போடுங்க சாமி" என்றார். "இவருக்கு ஒண்ணு, இந்த அம்மிணிக்கு ஒண்ணு. கூட வந்தது நானு."

கவுண்டர்காரர் என்னைப் பார்த்தார். பின்னால் வரிசையில் யாரோ சீக்கிரம் என்றார்கள். தெய்வாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் முன்னால் வர இடம் விட்டு, கொஞ்சம் ஒதுங்கி நின்றார்.

"பேரு?" என்றார் கவுண்டர்காரர்.

சொன்னேன்.